அக்கா வீட்டுச் சாவி

என் கடைக்கும் சாவியம்மா கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் காகிதத்தை நகல் எடுக்கிறேன், அவர் சாவியை நகல் எடுக்கிறார். என் மெஷின் மாதத்துக்கு ஒரு முறை மக்கர் பண்ணும். அவருடையது பண்ணியதே இல்லை. இதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது எனக்கு நினைவுபடுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம், "தலை கழுத்தோட ஒட்டியிருக்கே, அதுவரைக்கும் பொழச்சீங்க" என்பார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் வெட்டிய சாவி முதல் திருப்பிலேயே பூட்டைத் திறக்கும். மெஷினில் வெட்டியதை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் மாட்டார். பிசிறையெல்லாம் அரத்தால் எடுத்துவிட்டு, கைப்பிடிப் பக்கம் ஒரு மூலையை மட்டும் மழுங்கத் தேய்ப்பார். சட்டைப் பை கிழியக் கூடாதாம். எனக்குத் தெரிந்து வேறு எந்தக் கடையிலும் இந்த வேலையைச் செய்வதில்லை.

மேசை மேல் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்த வீட்டுச் சாவி, கொண்டுவந்தது யார், வெட்டுவது யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினே ஓடும். என் கடைச் சாவிக்கு என்னையும் எழுத வைத்தார். பக்கத்துக் கடைக்காரனுக்கே இந்த மரியாதையா என்று கேட்டேன்.

"ஒரு தடவை எழுதாம வெட்டினேன் நகலண்ணே. போதும்" என்றார்.

அந்த ஒரு தடவை, அவருடைய சொந்தத் தம்பிக்கு.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் அக்கா, நடுவில் இவர், கடைசி தம்பி. அப்பா அம்மா போன பிறகும் பிரியாமல் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூவருக்கும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் தம்பி ஒரு சாவியோடு வந்து நின்றான். "பெரியக்கா வெட்டிட்டு வரச் சொன்னா" என்றான். தம்பிக்கு எதற்கு நோட்டு? வெட்டி, மூலையைத் தேய்த்து, கையில் கொடுத்து அனுப்பினார். அவன் சூதாட்டத்தில் கழுத்து வரை மூழ்கியிருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து, எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அக்காவின் நகைகளை எடுக்க அந்தச் சாவியைப் போட்டு உள்ளே போனான். காய்ச்சல் என்று பாதியில் வீடு திரும்பிய அக்கா புருஷன் மாடிப்படியில் எதிரே வந்துவிட்டார். முகத்தில் துணி கட்டியிருந்தவன் அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். விழுந்த மனிதருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஓடிய அவசரத்தில் சாவி கதவிலேயே தொங்கியது.

போலீஸ்காரர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கடை கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "இது யாரோட வேலைன்னு தெரியுதாம்மா?"

நானும் பார்த்தேன். மூலை மழுங்கியிருந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். சாவியம்மா தண்ணீர் எடுத்துக் குடித்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"என் வேலைதான் சார். என் தம்பிக்கு வெட்டிக் கொடுத்தது."

தம்பிக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது அவன் முகம் கொடுக்கவில்லை. அக்கா கடைக்கே வந்து சொன்னார், "உண்மையைச் சொல்லிட்டேன்னு பெருமைப்படாத. ஒரு வார்த்தை கேக்காம வெட்டிக் கொடுத்தவ நீ. இனிமே என் வாசப்படி மிதிக்காத." பூட்டையும் மாற்றி, சாவியை வேறொரு கடையில் வெட்டிக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அன்று அழுததோடு சரி. "தப்பும் நான்தான் செஞ்சேன், உண்மையும் நான்தான் சொன்னேன். படுத்தா தூக்கம் வருது, வேற என்ன வேணும்?" என்பார். பழையபடி பேச்சு, பழையபடி கேலி. உண்மையிலேயே சந்தோஷமான மனுஷிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஈ காக்கை வராது. எனக்காவது வீட்டைவிடக் கடையில் நிம்மதி அதிகம், அதனால் திறக்கிறேன். அவருக்குப் போக வேறு இடம் இல்லை. அக்கா வீட்டில் மறுபடி ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அந்த ஒரு ஆசைதான் அவருக்கு.

போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா வந்து கடை முன்னால் நின்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக் கேட்பது தப்புதான், தகரம் மெல்லியது.

"இதை வெட்டணும்" என்று ஒரு சாவியை வைத்தார்.

சாவியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எவன்க்கா இத வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"ஏழு வருஷமா இடிச்சு இடிச்சுத்தான் திறக்கறேன்."

நோட்டு நகர்ந்தது. "யாருக்குன்னு எழுதணும்."

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சாவியம்மா, "தம்பிக்கா? எந்தத் தம்பிக்கு?" என்றார்.

"நமக்கு எத்தனை தம்பி?"

அவன் போன வருஷம் வெளியே வந்ததும் நேராக அத்தான் முன்னால் போய் நின்றானாம். அத்தான்தான் உள்ளே கூப்பிட்டாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து, அவரைக் கைபிடித்துப் படியிறக்கி நடக்கக் கூட்டிப் போகிறான்.

"நான் வேலைக்குப் போயிடறேன். அவர் கம்பை ஊனிக்கிட்டு வந்து கதவைத் திறக்கறதுக்குள்ள கால் மணி நேரம் ஆகுது. இவன் மழையில கூட வெளியவே நிக்கறான்."

"அவனை நம்பறியாக்கா?"

"அவர் நம்பறாரு. நான் இன்னும் பாதிதான். அதான் உன்கிட்ட வந்தேன். எழுதி வச்சுட்டு வெட்டு."

சாவியம்மா வெட்டினார். பிசிறை எடுத்து மூலையைத் தேய்த்துக் கொடுத்தார். அக்கா அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னொண்ணு வெட்டு."

"அது யாருக்கு?"

அக்கா பேனாவை எடுத்தார். நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'தங்கைக்கு' என்று எழுதினார்.

மெஷின் ஓடியது. முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாகச் சாவியம்மா ஒரு சாவியைக் கெடுத்தார். ஒரு பல் முழுசாகப் போய்விட்டது.

"மத்தவங்க சாவியெல்லாம் ஒழுங்கா வெட்டுவா. என் வீட்டுச் சாவின்னா மட்டும் இவளுக்குக் கை கோணிக்கும்" என்றார் அக்கா. சாவியம்மா சிரித்தார். முழங்கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மெஷின் எண்ணெய். வேறு ஒன்றை எடுத்து வெட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்துக் கடை பூட்டியிருக்கிறது. சாவி தொலைத்துவிட்டு வந்து விழிப்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன்.

"அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்காங்க. நாளைக்கு வாங்க."