கடைசி அடியில் நின்ற கை

இரண்டு வருடங்களுக்கு முன், மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு எழுத உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. செய்யூர் பக்கம் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பிளஸ் டூ முடித்தால் பணியாளர் ஆகலாம். மற்ற பாடமெல்லாம் தேறி, தமிழில் மட்டும் கொஞ்சத்தில் போயிருந்தது. "தாய்மொழிலயே புட்டுகினியேமே!" என்று வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை டீக்கடை வரை கேட்டது.

காலை வாரிவிட்டது, கொடுத்த பாட்டின் அழகை எடுத்து எழுதும் நயம் பாராட்டல் கேள்விதான். 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று தொடங்கி 'மகிழ்ச்சி பொங்குகிறது' என்று முடியும் ஒரே பதிலை உருப்போட்டு வைத்திருந்தேன். வெள்ளத்தில் பயிர் போன பாட்டுக்கும் மகிழ்ச்சியைப் பொங்க விட்டால் யார் மார்க் போடுவார்கள்?

இந்த முறை கனவைப் பற்றிய பாட்டு:

கண்ணை மூடு, கனவு வரும்;
கையில் நிலவைத் தந்து விடும்;
விண்ணை அளக்கச் சிறகு தரும்;
விழித்திருப்பேன் நான்.

பழைய பதிலையே எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் இடது கை சும்மா இருக்கவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைக்கிற கை அது. பாட்டை நான் முணுமுணுக்க, அது பெஞ்சைத் தட்டியது.

"இன்னாம்மா, தாளம் போட்டுகினு கீற? எழுது!" என்று தேர்வறைக் கண்காணிப்பாளர் அதட்டினார். அறையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனால் கை கண்டுபிடித்துவிட்டது. மூன்று அடிக்கும் ஒரே தட்டு. நான்காவது அடி பாதியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை தூங்கியதும் என் கையும் அப்படித்தான் நிற்கும்!

எழுதியதை அடித்தேன். கண்ணை, விண்ணை என்ற எதுகையைச் சொன்னேன். வரும், விடும், தரும் என்று வந்த இயைபு 'நான்' என்ற சொல்லில் அறுந்துபோவதைச் சொன்னேன். ஓசை தாலாட்டுதான், ஆனால் சுவை மகிழ்ச்சி அல்ல. தூங்க வைத்தவளுக்குக் கனவில்லையே என்ற துக்கம் என்று எழுதினேன். கண் கலங்கிவிட்டது. நானாக யோசித்து எழுதிய முதல் பதில் அது.

முடிவு வந்தபோது தமிழில்தான் எனக்கு அதிக மார்க். வீட்டுக்காரர் அதே டீக்கடைக்கு ஓடினார். "நம்ம வூட்டுக்காரி தமிழ்ல பின்னிட்டா, அண்ணாத்த!" என்று அவர் கத்தியது வீடு வரை கேட்டது.

இன்று அதே அங்கன்வாடியில் நான் பணியாளர். பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைக்கும்போது அந்தப் பாட்டைத்தான் பாடுகிறேன். கடைசி அடியை மட்டும் பாடுவதில்லை, கனவு எனக்கும்தான் வந்துவிட்டதே!