‘வாஸ்’ எங்கே போடுவது

எங்கே இடம் கிடைத்தாலும் ஜோஸ்பின் ஒரு ‘வாஸ்’ போட்டுவிடுவாள். ‘ஐ வாஸ் வெண்ட்’, ‘ஐ வாஸ் ஏட்’. அது இருந்தால்தான் இங்கிலீஷுக்கே ஒரு கெத்து என்பது அவள் எண்ணம்.

வில்லியனூர் பக்கம் அவள் ஊர். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். அவளோ பன்னிரண்டாவது முடித்து, பிள்ளையார்குப்பம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. அங்கே சூப்பர்வைசர் வேலை காலியானது. இண்டர்வியூ இங்கிலீஷில் என்றதும் கூட இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜோஸ்பின் பேர் கொடுத்தாள். கையோடு ஞாயிற்றுக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் சேர்ந்தாள்.

பாடம் எடுத்த சுகன்யா பொறுமைசாலி. “அக்கா, முடிஞ்சுபோன வேலைக்கு வெறும் வெண்ட், ஏட் போதும். நடந்துகிட்டே இருந்த வேலைக்குத்தான் வாஸ், அதுகூட கடைசியில ஒரு ‘இங்’.”

“எல்லாமே நேத்தோட முடிஞ்சதுதான மிஸ்? இதுல நடந்துக்கினே இருந்தது எது?”

வகுப்பே சிரித்தது. சுகன்யாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

அன்று மதியம் வீட்டில் சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். பேச்சு சுவாரசியத்தில் ஜோஸ்பின் வாசலுக்கு வந்துவிட்டாள். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போன புருஷன் ஆண்டனி, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான்.

“வூடெல்லாம் ஒரே பொக! போன் வந்தப்ப இன்னாடி பண்ணிக்கினு இருந்த?”

“மீன் வறுத்துக்கினு இருந்தேன்.”

“போன் வந்ததும் இன்னா பண்ண?”

“அடுப்ப மறந்துட்டு வெளிய வந்தேன்.”

சொன்னவள் அப்படியே நின்றாள். வறுத்துக்கினு இருந்தேன். வெளிய வந்தேன். ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. மற்றது நடுவில் புகுந்து, நடந்து முடிந்தது.

“யோவ், ‘க்கினு இருந்தேன்’னு வந்தா அங்கதான்யா வாஸ்!”

“கருகின மீனுக்கு இன்னாடி வாஸ்?”

“ஐ வாஸ் ஃப்ரையிங் ஃபிஷ். ஸ்டெல்லா கால்ட்!”

அந்த வாரம் முழுக்க ஆண்டனிக்கு நிம்மதி இல்லை. குளிக்கும்போது குழாய் நின்றுபோய் அவன் சோப்பு நுரையோடு கத்தினால், “ஆண்டனி வாஸ் பாத்திங். வாட்டர் ஸ்டாப்ட்” என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் வாளியை எடுப்பாள்.

இண்டர்வியூவில் இருந்த மேடம், போன மாதம் வார்டுக்குள் குரங்கு புகுந்ததைப் பற்றிக் கேட்டார். “வாட் வேர் யூ டூயிங் வென் த மங்கி கேம்?”

“ஐ வாஸ் மாப்பிங் த காரிடார், மேடம்.”

“வாட் டிட் யூ டூ?”

“ஐ க்ளோஸ்ட் த டோர். ஐ கால்ட் செக்யூரிட்டி.” மனசு கேட்கவில்லை. “ஃபர்ஸ்ட் ஐ ரேன், மேடம். தென் ஐ கேம் பேக்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் ஹியர்?” என்றார்.

இது எந்த ஊர் இங்கிலீஷ் என்று ஜோஸ்பினுக்கு விளங்கவில்லை. “லாங், மேடம். வெரி லாங்” என்று சமாளித்தாள்.

மறுவாரம் வேலை அவளுக்குத்தான் என்று சொன்னார்கள். உடனே ஆண்டனிக்குப் போன் போட்டாள்.

“கெடச்சிடுச்சுய்யா!”

அந்தப் பக்கம் அவன் போட்ட விசிலில் காதே அடைத்தது. “அப்பாடா, இனிமே வாஸ் தொல்ல இல்ல!”

“அவசரப்படாத. இன்னும் ‘ஹேவ் பீன்’னு ஒண்ணு கெடக்குது.”