மாமா ஓடுவதைப் பார்க்கப் போனோம்

அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சித்தூர் டாக்டர் சொன்னபோது, காலையில் கொஞ்சம் நடங்கள் என்றுதான் சொன்னார். மாமா நடப்பதோடு நிறுத்தியிருந்தால் குடும்பம் தப்பித்திருக்கும். அவர் ஓட ஆரம்பித்துவிட்டார்.

மாமா மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றில் மேனேஜர். சீசன் மாதங்களில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் யாரையும் மூச்சுவிட விடமாட்டார். அப்படி ஒரு சீசன் இல்லாத மாதத்தில் ஊர் ஓட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தார். அதன்பிறகு அவர் சாதாரண மனிதர்களோடு பேசுவது குறைந்துபோனது. பேசினாலும் குதிகால், முழங்கால், நாடித்துடிப்பு என்று உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்துத்தான் பேசினார்.

குடிபாலா ரோட்டில் அவர் ஓடும்போது எங்கள் ஊர்க்காரர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேன்ட் போடுகிற வயசில் அரை டிராயரோடு ஒரு மனுஷன் வேர்க்க வேர்க்க ஓடுகிறான் என்றால் ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பைக்கை நிறுத்தி, "ஏமைந்தி சார், பஸ்ஸு போயிந்தா? எக்கண்டி எக்கண்டி" என்று ஏறச் சொல்லிப் பின்சீட்டைத் தட்டிக் காட்டுவார்கள். வேண்டாம் என்று மாமா கையாட்டுவார். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவர் என்று நினைத்து இன்னும் மெதுவாகக் கூடவே ஓட்டிக்கொண்டு வருவார்கள். நாய்கள் மட்டும்தான் அவரை ஓட்டக்காரராக மதித்துத் துரத்தின.

அந்த வருஷம் சென்னையில் முழு மாரத்தான் ஓடப்போவதாக அறிவித்தார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதைவிடப் பெரிய அறிவிப்பு, நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்க வரவேண்டும் என்பது.

நான் திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. அந்த ஒன்றையும் செலவழித்து, சித்தூரில் அக்கா வீட்டு ஹாலில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனேன். என்னைத் தவிர அக்காவும் எங்கள் நைனாவும் இருந்தார்கள். மாமா டிவியில் சென்னை வரைபடத்தைப் போட்டுவைத்து, தோசைக்கரண்டியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"பாக்கறவங்கன்னா சும்மா நின்னு பாக்கறது இல்ல. வெளிநாட்டுல எல்லாம் ஃபேமிலி மொத்தமும் ப்ளான் பண்ணி வருவாங்க. மொதல்ல இங்க நிக்கறீங்க. நான் தாண்டினதும் மெட்ரோ புடிச்சி இங்க வர்றீங்க. கடைசில ஃபினிஷுக்கு."

நைனா வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் மாப்ள, சாமி ஊர்கோலம் வந்தாகூட நம்ம தெருவுக்கு அதுவே வருது. நின்ன எடத்துல கும்புட்டுக்கினு உள்ள போயிடறோம். நீங்க ஓடறதப் பாக்க நாங்க இன்னாத்துக்கு ஓடணும்?"

மாமா தோசைக்கரண்டியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். இப்படிப்பட்ட கேள்விகளை அலட்சியப்படுத்துவதும் பயிற்சியில் ஒரு பகுதி என்று முன்பே சொல்லியிருந்தார்.

வேலைகள் பிரிக்கப்பட்டன. அக்காவிடம் வாழைப்பழமும் உப்புத்தண்ணியும். நைனாவுக்குக் கைதட்டல். எனக்கு ஃபோட்டோ. சாதாரண ஃபோட்டோ இல்லை; இரண்டு கால்களும் தரையில் படாமல் காற்றில் இருக்கிற நொடியில் எடுக்கவேண்டும். ஒத்திகைக்காக வீட்டு வாசலில் மாமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். எடுத்த எல்லாப் படத்திலும் ஒரு கால் தரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "உன் ஃபோனு ரொம்ப ஸ்லோ" என்றார் மாமா.

நைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஓட்டம் முடிந்ததும் மதியம் மீன் சாப்பாடு. அதற்குச் சம்மதித்த பிறகுதான் கைதட்டிப் பழகினார்.

கடைசியாக ஃப்ளெக்ஸ் விஷயம் வந்தது. வெளிநாட்டில் குடும்பத்தார் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நமக்கு அட்டை போதாது, ஃப்ளெக்ஸே அடித்துவிடலாம் என்றார். அவருடைய முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் ஒன்றைக் கடைக்கு ஃபோனிலேயே அனுப்பினார். கறுப்பு வெள்ளைதான் ரிச்சாக இருக்கும் என்று அவருக்கு எண்ணம். மேலே பெரிய எழுத்தில் தெலுங்கில் 'ஆகனி பருகு' என்று போடச் சொன்னார். நிற்காத ஓட்டம் என்று அர்த்தம். மற்ற அலங்காரத்தைக் கடைக்காரனின் ரசனைக்கு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே மாமா தன் குழுவோடு ரயிலில் சென்னைக்குப் போய்விட்டார். எங்களோடு இருந்தால் ஓய்வு கெட்டுவிடுமாம். அக்காவும் நைனாவும் வாடகைக் காரில், வழியில் ஃப்ளெக்ஸைச் சுருட்டிய வாக்கில் வாங்கிக்கொண்டு பூந்தமல்லி சித்தி வீட்டுக்கு வந்தார்கள். நான் திருப்பதியிலிருந்து வந்து சேர்ந்தேன். ஃப்ளெக்ஸைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்க அக்காவுக்கு அப்படியொன்றும் அவசரமில்லை.

மறுநாள் விடியும்போது அடையாறு பாலத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே போலீஸ் காரை நிறுத்திவிட்டது. மடக்கு நாற்காலி, பழக்கூடை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாலம் வந்ததும் நைனா நாற்காலியைப் பிரித்து உட்கார்ந்தார். "நான் இங்கயே பாக்கறேன். மெட்ரோவுல நீங்க ரெண்டு பேரும் போய்க்கினு வாங்க." மாமா தோசைக்கரண்டியால் வகுத்த திட்டம் அந்த நாற்காலியில் முடிந்தது.

நல்ல வெளிச்சம் வந்தபிறகு ஃப்ளெக்ஸைப் பிரித்து, பாதையோரத் தடுப்பில் கட்டினோம். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுவில் கறுப்பு வெள்ளையில் மாமா, லேசான சிரிப்போடு. சுற்றிலும் ரோஜாப்பூ வளையம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். மேகங்கள். மேல் மூலையில் இரண்டு வெள்ளைப் புறாக்கள். கீழே இந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, அந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு. மேலே இருந்த தெலுங்கு எழுத்தைச் சென்னையில் யார் படிக்கப்போகிறார்கள்?

"இன்னாடி இது?" என்றாள் அக்கா. "கழட்டு, கழட்டு."

"கழட்டிட்டா ஃப்ளெக்ஸு எங்கன்னு கேட்டுக் கத்துவாரே" என்றேன்.

நாங்கள் முடிவெடுப்பதற்குள் முதல் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் ஓடிவந்த தாடிக்காரர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்து நெஞ்சில் கைவைத்துத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சென்னைக்காரர்கள் ஓடும்போது எதற்காவது உருகத் தயாராகவே வருகிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நைனா எல்லோருக்கும் கைதட்டினார்.

தண்ணீர் மேசையில் இருந்த தொண்டர் பெண் ஒருத்தி, கல்லூரி வயசு, மெல்ல அருகில் வந்தாள். நைனாவின் முன்னால் குனிந்து, "தாத்தா, அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"எங்க மாப்ள."

"எப்ப தாத்தா?"

"பின்னால வந்துக்கினு கீறாரும்மா" என்றார் நைனா, ரோட்டைக் காட்டி.

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. நான் பதறிப்போய், "இல்லம்மா, தப்பா நெனச்சிக்காத. அவரு உயிரோடதான் இருக்காரு" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கண்டிப்பாக்கா. நம்ம மனசுல எப்பவும் இருப்பாரு."

அவள் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து அக்காவை உட்காரவைத்தாள். இன்னொருவர் ஜூஸ் கொடுத்தார். பிஸ்கட் வந்தது. வெயில் படாமல் இருக்க ஒருத்தர் குடை கொண்டுவந்தார். அக்கா முதலில் வேண்டாம் வேண்டாம் என்றாள். ஜூஸ் பாதி இறங்கியதும் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லிடலாம்" என்றேன் அவள் காதில்.

"இருடி" என்றாள். "விடியக்காலையில எழுந்து பீட்ரூட் ஜூஸ் போட்டுக் குடுத்துக்கினு கீறேன். அவுரு ஓடிட்டு வந்து கால நீட்டுவாரு, எண்ணெ தேச்சி உடுவேன். இத்தினி நாள்ல எவனாவது என்னெ ஒக்காரச் சொன்னானா? இந்த ஜூஸு முடியட்டும்."

இதற்கிடையில் செய்தி எங்களைவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. பாலத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது, ஆந்திராவிலிருந்து வந்திருக்கிறார்கள், ஓடும்போதே இறந்துபோனவராம், மனைவி கல்லாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எதிர்ப்பக்கம் திரும்பி வருகிறவர்கள் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார்களாம். ஓடும் பிரமுகர் ஒருவர் எங்கள் முன்னால் நின்று, "மீதி தூரம் உங்க கணவருக்காக ஓடறேன்மா" என்று அறிவித்துவிட்டுப் போனார். அறிவிப்பதைப் படம்பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வெயில் ஏறி, கூட்டம் மெலிந்து, ஓடுகிறவர்கள் போய் நடக்கிறவர்கள் வர ஆரம்பித்த பிறகு, மாமா வந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு, உதட்டோரம் உப்புப் படிந்து, எங்களுக்கே அடையாளம் தெரியாத முகத்தோடு வந்தார். கூடவே ஒரு குண்டு மனிதர். இருவரும் எங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வலதுகையை நெஞ்சில் வைத்திருந்தார்கள். மாமாவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பின்னால் அவரே சொன்னார்: வழியில் கால் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று உட்கார்ந்தபோது யாரோ இந்தச் சாவைப் பற்றிச் சொன்னார்களாம். செத்துப்போனவனே ஓடியிருக்கிறான், நமக்கென்ன என்று எழுந்து வந்தாராம்.

ஃப்ளெக்ஸுக்கு நேரே வந்து நின்றார். கண்ணை மூடினார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தார்.

ஃபோட்டோ எடுக்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"நானு..." என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். குடையின் கீழ் பிஸ்கட்டோடு அக்கா. "இன்னாடி நடக்குது இங்க?"

தொண்டர் பெண் வீறிட்டுக் கத்தினாள். கூட வந்த குண்டு மனிதர் படத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். துக்கம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"சார், நீங்க உயிரோட இருக்கீங்களா? வழியெல்லாம் உங்களுக்காக அழுதுக்கிட்டே வந்தேன் சார்!"

"சாரி சார்" என்றார் மாமா. உயிரோடு இருப்பதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நைனா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மாமா அதில் விழுந்தார். இனி ஒரு அடிகூட வைக்கமுடியாது, மானம் போய்விட்டது, வண்டியைக் கூப்பிடு என்றார். அக்கா வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தாள்.

"துன்னுங்க. துன்னுட்டு எழுந்து போங்க."

"கால் வரல."

"வராமப் போவாது. இத்தினி பேரு உங்களுக்காக அழுதுட்டுப் போயிருக்காங்க. நானும் ஒரு வருசமா ஜூஸு போட்டிருக்கேன். இப்பிடிப் பாதியில ஒக்காந்துக்கினு வீட்டுக்கு வந்தீங்கன்னா அந்த ஃப்ளெக்ஸ நானே ஹால்ல மாட்டிடுவேன்."

மாமா எழுந்தார். பாலத்தின் மறுபக்கம் அவர் சிறிதாகி மறையும்வரை நைனா கைதட்டினார். திரும்பிப் பார்த்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குக் குடை பிடிக்க யாரும் இல்லை. எல்லோரும் எங்கள்மேல் கோபமாக மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபினிஷுக்கு நாங்கள் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நடந்தே வந்து முடித்திருந்தார். அட்டைப்பெட்டியிலிருந்து ஒருவன் எடுத்துக் கொடுத்த மெடலைக் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டு, நடைபாதை விளிம்பில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நைனா மீன் சாப்பாட்டை ஞாபகப்படுத்தினார்.

விஷயம் அதோடு முடிந்ததாக நினைத்தோம். பிரமுகரின் ஆள் எங்கள் ஃப்ளெக்ஸோடு எடுத்த படம் அன்று மாலைக்குள் சித்தூர்வரை ஓடி வந்துவிட்டது. மாமாவின் குழுவில் யாரும் ஒரு வார்த்தை விசாரிக்காமல், ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். காலையில் அவரோடு ஒரே லாட்ஜில் டீ குடித்தவரும் போட்டிருந்தார். திங்கட்கிழமை அக்காவின் ஃபோன் அடித்தது. ஃபேக்டரி முதலாளி. அக்கா குளித்துக்கொண்டிருந்ததால், கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மாமாவே எடுத்தார்.

"அம்மா, சார் போயாரண்ட கதா?" என்று முதலாளி துக்கம் விசாரித்தார். சார் போய்விட்டாராமே என்று அர்த்தம்.

"போலேது சார்" என்றார் மாமா. "இன்ட்லோனே உன்னானு." போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்படியானால் மதியமாவது வேலைக்கு வருவதற்கு என்ன என்று கேட்டாராம் முதலாளி.