கல்லுப்பெட்டியில கேட்ட குரல்

நான் மோட்டாரு ஓட்டிப் பொழைச்சவன் தம்பி. சுடுகாட்டு முன்னால வண்டி நின்னு போனாலும் மூடியத் தொறந்து எஞ்சினத்தான் பார்ப்பேன், காத்து கருப்புன்னு திருநீறு தேடுனதே கிடையாது. நீ சிரிக்கிறது தெரியுது, சிரிச்சுக்க. உன் எடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன்லா. ஆனா என் காதுல விழுந்தத நான் எப்படி இல்லைன்னு சொல்றது?

வெள்ளைக்காரன் காலம், அந்த இருபதுகளோட கடைசி. ஈப்போ பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டம், நான் துரைக்குக் கார் ஓட்டிக்கிட்டிருந்தேன். அங்க கிராணியா இருந்தவரு சிவபாலன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் வேலையெல்லாம் அவர்தான், ஆனா மனசு பூரா ரேடியோவுலதான் கெடக்கும். துரைக்குச் சீமையிலேருந்து புதுசு வந்ததும் பழைய வால்வு ரேடியோவ இவருகிட்டக் குடுத்துட்டாரு. வால்வுன்னா கண்ணாடிக் குமிழு, பேட்டரிய மாட்டுனா உள்ள செவப்பா மினுங்கும். இவரு அந்தப் பெட்டியப் பிரிச்சுப் போட்டு, கம்பிச் சுருள மாத்திச் சுத்தி, ஒடைஞ்ச டெலிபோன்லேருந்து பேசுற வாயைக் கழட்டி அதுல சேர்த்து, கேக்குற பெட்டியப் பேசுற பெட்டியா ஆக்கிட்டாரு. அதுல பேசுனா ரெண்டு மூணு கட்டை, அதான் மைல், தூரத்துக்குக் கேக்கும். ஆனா பேசத்தான் முடியும், திருப்பி ஒண்ணும் கேக்க முடியாது. கேக்குறதுக்கு வீட்டுல அவரு சம்சாரம் மங்களம் அம்மாகிட்ட கல்லுப்பெட்டி ஒண்ணு இருந்துச்சு. சின்னக் கல்லு, அதுல படுற ஊசி, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான், அதுக்குப் பேட்டரியே வேணாம்.

லைசென்சு இல்லாம இப்படிப் பேசக்கூடாதுன்னு சட்டம். அதனால துரை ரயிலேறிப் பினாங்கு போன ஒரு ஞாயித்துக்கெழமை, மத்தியானம் சாப்புட்டுட்டு, எல்லாத்தையும் கார்ல ஏத்திக்கிட்டு லகாட் பக்கம் போனோம். அங்க கைவிட்டுப்போன ஒரு ஈய லம்பம், ஈயம் தோண்டிக்கிட்டிருந்த எடம். மலையோரமா வெடிமருந்து வைக்கிற செங்கல் கட்டடம் ஒண்ணு அப்படியே நின்னுச்சு. ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு, வெளிப்பக்கமாத்தான் தொறக்கும். கூரைகிட்ட ஒரு சின்ன ஓட்டை, அது வழியா கம்பிய வெளிய விட்டு மரத்துல கட்டுனோம். மழை புடிச்சிச்சு. பெட்டி நனையக்கூடாதுன்னு கதவச் சாத்துனது நான்தான்.

ஐயா பேச ஆரம்பிக்கக்கூட இல்ல, வெளிய தடார்னு ஒரு சத்தம், கட்டடமே குலுங்குச்சு. மலை மண்ணு சரிஞ்சு கதவு மேல விழுந்துருச்சு. நான் தோளக் குடுத்துத் தள்ளுறேன், ஒதைக்கிறேன், ம்ஹூம். ஓட்டையும் அடைச்சுக்கிச்சு. கொண்டுபோன வெளக்கு காத்தத் தின்னுரும்னு ஐயா அத அணைச்சுட்டாரு. அப்புறம் அந்த வால்வோட செவப்பு மட்டும்தான், அதுல அவரு மொகம்கூடச் சரியாத் தெரியல.

"சன்னாசி, பதறாதையும். மங்களம் கேட்டுக்கொண்டுதான் இருப்பா. நீர் கதையும்."

"நீங்க பேசுங்கய்யா."

"எனக்கு முட்டு வருது. மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. நீர் கதையும், நிப்பாட்டாதையும்."

அவருக்கு ஆஸ்துமா, நெஞ்சு விசிலடிக்கிற மாதிரி இழுக்குது. நான் அந்த டெலிபோன் வாயப் புடிச்சுக்கிட்டுக் கத்துனேன். "அம்மா, சன்னாசி பேசுறேன். லம்பத்து மருந்துக் கட்டடத்துல மாட்டிக்கிட்டோம், மண்ணு கதவ மூடிருச்சு, ஆளக் கூட்டிட்டு வாங்கம்மா." திரும்பத் திரும்ப அதேதான். கேக்குதா இல்லையான்னு தெரியாமப் பேசுறது இருக்கே, அது பெரிய கொடும தம்பி. செவுத்துல தலைய முட்டிக்கலாம் போல இருக்கும். கதவுக்கடியில தண்ணி கசிஞ்சு கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு. காத்து கெட்டியாயிருச்சு. வார்த்த தீந்துபோயி எங்காத்தா பேரச் சொல்லி அழுதேன், மழையத் திட்டுனேன், எல்லாத்தையும் அதுலதான் பேசுனேன்.

அப்புறம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுச்சு பாரு! மங்களம் அம்மா கேட்டுட்டாங்க. கூலியாளுங்க குடியிருக்குற லயத்துக்கு ஓடி, கங்காணியையும் ஆளுங்களையும் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க. வெளிய வந்தப்ப இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. ஐயாவால நிக்க முடியல, ஆனாலும் அந்த வால்வ மட்டும் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. பெட்டியும் பேட்டரியும் தண்ணியில கெடந்துச்சு, விட்டுட்டோம்.

இதுவரைக்கும் நீ நம்புவ. இனிமே சொல்றதுதான்.

எல்லாரும் ஐயா வீட்டுக்கு வந்தோம். தோண்டுன ஆளுங்க வாசல்ல நின்னு கோப்பி குடிக்கிறாங்க. ஐயா உள்ள சாய்வு நாக்காலியில, நெஞ்சு இழுப்பு மெதுவா அடங்கிக்கிட்டு இருக்கு. மேசையில கெடந்த ஹெட்போன்லேருந்து வண்டு மாதிரி ஒரு சத்தம். மங்களம் அம்மா எடுத்துக் காதுல வச்சாங்க, மொகத்துல ரத்தமே இல்ல. அப்படியே எங்கிட்ட நீட்டுனாங்க.

என் குரல் தம்பி. "அம்மா, சன்னாசி பேசுறேன்"னு என் குரல்தான் பேசுது. பேசுனதப் புடிச்சு வைக்கிற மெஷினெல்லாம் அப்ப எங்ககிட்ட ஏது? அதுவும் நான் பேசுனதா இருந்தாப் பரவாயில்லையே. "தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துருச்சும்மா. ஐயாவத் தோள்ல தாங்கிப் புடிச்சிருக்கேன். அவரு மூச்சு விடல. யாராச்சும் கேக்குறீங்களா?" நான் இதச் சொல்லவே இல்ல.

"என்ன மங்களம், ஆர் கதைக்கினம்?"னு ஐயா கேட்டாரு. சட்டைப்பையில வால்வு துருத்திக்கிட்டு நிக்குது. அது இல்லாம அந்தப் பெட்டி எப்படிப் பேசும்?

"ஒருத்தரும் இல்லை. மழைச் சத்தம்"னாங்க அம்மா.

மறுநாள் நான் தனியாப் போயிப் பார்த்தேன். கட்டடம் பாதிக்கு மேல தண்ணியில கெடந்துச்சு, உள்ள எறங்கித் தடவிப் பார்த்தேன், யாரும் இல்ல. ஐயா அதுக்கப்புறம் பேரப்புள்ளைங்களத் தூக்கிக் கொஞ்சுற வரைக்கும் நல்லா இருந்தாரு. ஆனா அம்மா மட்டும், பேசிக்கிட்டு இருக்கும்போதே சட்டுனு எழுந்து போயி அவரு நெஞ்சுல கைய வச்சுப் பாப்பாங்க. "மனுசிக்கு என்மேல சரியான பாசம்"னு அவரு சிரிப்பாரு. நானும் அம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பார்க்க மாட்டோம். கடைசி வரைக்கும் அவருகிட்டச் சொல்லல.

இன்னொண்ணு, அத நான் அம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல. அன்னைக்கு அவங்க கைய நீட்டி ஊசிய நகத்தி அத நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தக் குரல் திடீர்னு சந்தோசமாயிருச்சு. சின்னப்புள்ள மாதிரி சொல்லுச்சு, "அம்மா, கதவுகிட்டத் தோண்டுற சத்தம் கேக்குது. வந்துட்டீங்களா?"

நான் தலையத் திருப்பிப் பார்த்தேன். கங்காணி, ஆளுங்க, மண்வெட்டி, எல்லாம் வாசல்லதான் இருந்துச்சு.