கோலமாவுப் பனிக்கு மூன்றாம் பலகை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருடம் மூடியிருந்தேன். இசக்கிமுத்து காலமானதைப் பற்றி நம் ஆலை ஊழியர்களின் இணையப் பக்கத்தில் நேற்று மேலாளர் எழுதியிருந்த குறிப்பைப் படித்த பிறகு இனி முடியாது. அதற்குக் கைகூப்பிய படங்களைப் போட்டவர்களும் இதைப் படிக்கட்டும்.

செய்தி எனக்குத் தேவகி மூலம் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். காலை எட்டேகால் இருக்கும்.

"சார், எங்க கீறீங்க?"

"ஆட்டோல இருக்கேன். என்னம்மா?"

"நம்ம இசக்கி சார் பூட்டாரு சார். காத்தால பல்லு வெளக்கிக்கினு இருந்தாராம். அப்டியே உக்காந்துட்டாராம். அவ்ளோதான்."

கூட்டு ரோட்டில் ஆட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் நான் இறங்கவில்லை. "இன்னா சார், எறங்கலியா?" என்று கேட்டார். இசக்கி வீடு இருக்கும் படப்பைக்குப் போகவேண்டும் என்றேன். வேலைக்குப் போகும் கூட்டத்தில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்காக இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நம் ஆலையின் மூன்றாம் லைனில் பனிச்சறுக்குப் பலகைகள் செய்துகொண்டிருந்தோம். மெல்லிய மரம், கண்ணாடி இழை, தகடு, பிசின் எல்லாவற்றையும் அடுக்கிச் சூடான அழுத்த இயந்திரத்தில் வைத்து எடுத்தால் பலகை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போகும். சமன்செய்த பாதையில் ஓட்டுவதற்கானவை அல்ல. பனி விழுந்தது விழுந்தபடி கிடக்கும் மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்கானவை. ஃப்ரீரைடு என்பார்கள். அந்த லைனில் வேலை பார்த்த ஒருவருக்கும் பனி என்றால் என்னவென்று தெரியாது. கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் பனிக்குப் பலகை அடித்துக்கொண்டிருப்போம்.

இசக்கி சோதனைப் பிரிவில் இருந்தார். சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். ஒருநாள் பனிச்சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு சோதனை அறையிலிருந்து கேன்டீன் வரை நடந்தார். அந்தக் காலணி கணுக்காலை வளையவிடாது. பெட்டி நடப்பதுபோல நடந்து வந்து சாப்பாட்டு வரிசையில் நின்றார்.

"இன்னா சார், உங்களயும் மிஷின்ல வச்சு அமுக்கிட்டாங்களா?" என்று தேவகி கேட்டாள். அவள் வல்லக்கோட்டைக்காரி, அழுத்த இயந்திரத்தை இயக்குகிறவள்.

"இதப் போட்டுக்கிட்டுத்தாம்மா மலையில எறங்குதாவ. நாம பலகைய அடிக்கோம். மாட்டுத காலு எப்படி இருக்குன்னு தெரியாண்டாமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் அந்தக் காலணியோடே சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த வாரம் பலகையின் பின்பக்கம் எவ்வளவு வளைய வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பை அந்த நிறுவனம் அப்படியே ஏற்றுக்கொண்டது.

பிறகு அவர்கள் ஓர் ஒப்பீட்டுக் கையேடு கேட்டார்கள். மூன்று வகைப் பலகை, எந்தப் பனிக்கு எது, எந்தப் பயணத்துக்கு எது. அதற்காகப் பிப்ரவரிக் கடைசியில் காஷ்மீரில் குல்மார்க்குக்குப் போனோம். மேலாளர், இசக்கி, திட்டமிடும் பிரிவிலிருந்து நான். ஓட்டிப் பார்க்க அந்த ஊர்ச் சறுக்குக்காரர்கள் நால்வர்.

இசக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பலகையின் பெயர், வண்ணம், படம் எல்லாவற்றின் மேலும் கறுப்பு நாடாவை ஒட்டிவிடுவார். வெள்ளை மையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எழுதுவார். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை அழகாக அச்சடித்ததை ஏன் மறைக்க வேண்டும் என்றார்.

"பேரு தெரிஞ்சா காலு நெசத்தச் சொல்லாது சார்" என்றார் இசக்கி. "மனசுல என்ன இருக்கோ அதத்தான் சொல்லும்."

முதல் நாள் காலை அவர் பனியைத் தொட்டது எனக்கு நினைவிருக்கிறது. கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினார். விரல்களுக்கிடையில் விட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, இது கோலமாவுல்லா" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று நாளும் மணிக்கு ஒரு தரம் அள்ளுவதும் எழுதுவதுமாக இருந்தார். மரநிழலில் கிடக்கும் புதுப்பனி கோலமாவு. இரவில் இறுகிக் கிடப்பது கல்லுப்பு. காற்றடித்து மேலே ஓடு கட்டியிருப்பது அப்பளம். பிற்பகல் வெயிலில் குழைந்தது ஊறின ஜவ்வரிசி. மேலாளர் அதைப் பார்த்து, "என்ன, மளிகை லிஸ்ட்டா?" என்று கேட்டார். இசக்கியும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே மேலாளரைப் பிடிக்காது.

ஓட்டும் அட்டவணையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். காலை ஒன்பது மணிக்கு முதல் பலகை, பதினொன்றுக்கு இரண்டாவது, பிற்பகல் இரண்டுக்கு மூன்றாவது. நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே வகையை ஓட்ட வேண்டும். மூன்று நாளும் இதே வரிசை. லைனில் வேலை செய்த எவருக்கும் இதில் தவறு தெரியாது. ஒரு மாடலை முடித்து, அச்சை மாற்றி, அடுத்த மாடல். நாம் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வோம். ஷெட்டுக்குள் காலை ஒன்பதும் பிற்பகல் இரண்டும் ஒன்றுதான். மலையில் அப்படியில்லை. காலையில் நாங்கள் ஓட்டிப்பார்த்த பனி பிற்பகலில் அங்கே இல்லை. நாங்கள் மூன்று பலகைகளை ஒப்பிடவில்லை. மூன்று வேளைகளை ஒப்பிட்டிருந்தோம்.

மூன்றாம் பலகைதான் மிக அகலமானது, ஆழமான புதுப்பனிக்கென்று செய்தது. நால்வரும் அதைக் கடைசியில் தள்ளினார்கள். இழுக்கிறது, திரும்ப மறுக்கிறது, உள்ளே ஒட்டு விட்டதுபோல இருக்கிறது என்றார்கள். ஊருக்குத் திரும்பிய நாலாம் நாள் மேலாளர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பலகைகளை அழுத்தியது தேவகியின் இயந்திரம். பிசின் இறுகும் நேரம் முடியும் முன்பே திறந்திருக்கிறாளாம். அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டில் நின்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? மணியடிச்சாத்தான் தெறப்பேன். அதுக்கு முன்ன அந்த மிஷினே தெறக்காது சார்."

மறுநாள் கூட்டத்தில் இசக்கி நோட்டை விரித்து வைத்தார். பலகையில் கோளாறு இல்லை, அட்டவணையில்தான் கோளாறு என்றார். மூன்றாம் பலகையை மூன்று நாளும் ஜவ்வரிசியில்தான் ஓட்டியிருக்கிறோம், ஒரு தரம்கூடக் கோலமாவில் ஓட்டவில்லை என்று மணிவாரியாகக் காட்டினார்.

மேலாளர் கேட்டார். "இந்த அட்டவணையப் போட்டது யாரு?"

நான் போட்டது. அவருக்கும் தெரியும், என்னிடமிருந்துதான் அது அவருக்கு மின்னஞ்சலில் போனது, அவர்தான் சரியென்று பதில் போட்டார். நான் வாய் திறந்திருந்தால் அவர் பெயரும் சேர்ந்து வந்திருக்கும். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நொடிகள்தான். அதற்குள் இசக்கி, "நாந்தான் சார் போட்டேன்" என்றார்.

மேலாளர் மறுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"யாராச்சும் ஒருத்தர் சொன்னாத்தான அடுத்த பேச்சுக்குப் போவாவ. அந்தப் புள்ள கேட்டுக்கு வெளிய நிக்கா. நீங்க வாயத் தொறந்தா அட்டவணைய விட்டுட்டு அவரத் திட்ட ஆரம்பிச்சிருவீங்க. பொறவு பொழுது விடிஞ்சாப்பலதான்."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்கு வலித்தது.

அவர் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கே எழுதி, மூன்று பலகைகளையும் மறுபடி மலைக்கு அனுப்பவைத்தார். இந்த முறை ஒவ்வொரு மணிக்கும் மூன்றையும் ஓட்டினார்கள், வரிசையை மாற்றி மாற்றி. பதில் வந்தது. கோலமாவில் நால்வரும் மூன்றாவதை முதலில் வைத்திருந்தார்கள். ஐந்து வாரம் கழித்துத் தேவகி இயந்திரத்துக்குத் திரும்பினாள். ஆனால் அதற்குள் அட்டவணைத் தவறுக்காக இசக்கியைச் சரக்கனுப்பும் டிஸ்பாச்சுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை.

கையேட்டுக்கான முடிவுகளை டிஸ்பாச்சில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து அவர்தான் எழுதினார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. "கோலமாவுக்கு மூணு. அப்பளத்துக்கும் கல்லுப்புக்கும் ஒண்ணு. ஒடுங்கினது, உள்ளே தகடு இருக்கு, கனம் மேலோட்டை உடைத்துக்கொண்டு போகும். சொந்தக் காலில் மலையேறி இறங்குகிற பயணத்துக்கு ரெண்டு, அதுதான் லேசு. ஜவ்வரிசிக்கு எதுவும் வேண்டாம், அறைக்குப் போய் டீ குடிக்கலாம்."

இரண்டாவதைப் பற்றித் தேவகி ஒருமுறை இசக்கியிடம் கேட்டாள். "லேசா கீறதே நல்லதுன்னா எல்லாத்தயும் லேசாவே செய்யலாமே சார்?"

"திருச்செந்தூருக்கு நடந்து போறவன் பித்தளக் குடத்தத் தூக்கிட்டா போவான்? பஸ்ஸுல போறவன் எத வேணும்னாலும் கொண்டு போலாம். கம்பியில தொங்குத வண்டியில மேல போயி எறங்குதவனுக்குக் கனம் நல்லது. அவன் எப்படிப் போறான்னு கேக்காம எது நல்லதுன்னு சொல்லப்பிடாது."

கையேடு ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. கடைசி வரியை எடுத்துவிட்டிருந்தார்கள். தயாரித்தவர் என்று மேலாளர் பெயர் இருந்தது. நேற்றைய குறிப்பிலும் அவர், "பனி என்றால் என்னவென்று இசக்கிக்கு நான்தான் காட்டினேன்" என்று எழுதியிருக்கிறார்.

மேலாளரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் மற்றொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இசக்கியோடு நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் என் தவறை எடுத்துக்கொண்டார் என்று அவர்மேல் எனக்குக் கோபம். டிஸ்பாச்சு வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன். அவர் என்னைப் பார்த்துவிட்டால் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, "அண்ணாச்சி, டீ குடிச்சாச்சா?" என்று கேட்பார். ஆறு வருடமும் அதே கேள்வி. குடித்தாயிற்று என்பேன். பெரும்பாலும் பொய்.

படப்பையில் அவர் வீட்டுக்கு நான் போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்பே மேலாளர் வந்து மாலை வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். இசக்கியின் மகள் கோமதி, கல்லூரியில் இரண்டாம் வருடம், என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நீங்கதான அப்பாகூட காஷ்மீர் போனீங்க?"

"ஆமாம்மா."

"அங்க அப்பா ஏதோ தப்பு பண்ணிட்டாராமே, அதனாலதான் டிஸ்பாச்சாமே. சார் இப்பத்தான் சொன்னாரு. நாங்க யாரும் அதப் பெருசா எடுத்துக்கலம்மான்னாரு." பந்தல்காரர்களைப் பார்த்தபடி கேட்டாள். "பெரிய தப்பா அங்கிள்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

மறுபடியும் தேநீர்க் கோப்பையைப் பார்த்த மாதிரிதான். அன்று இரண்டு மூன்று நொடி. இதற்கு அந்த நேரம்கூட ஆகவில்லை. தன் அப்பாவை வேறொருவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டதாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் இரங்கல் கூட்டம். மேலாளர் தலைமை. வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை காலை நான் கோமதியைப் பார்த்து, அட்டவணையைப் போட்டது நான் என்று என் வாயால் சொல்லப்போகிறேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். தேவகியும் கூட வருவதாகச் சொன்னாள். "நீங்க பாட்டுக்கு அவர வையாதீங்க சார், மேட்டர மட்டும் சொல்லுங்க" என்று எச்சரித்திருக்கிறாள்.

இசக்கியிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அந்தத் தாளின் நகல். மற்றொன்று பாதி தீர்ந்த கறுப்பு நாடாச் சுருள். சோதனை அறையைக் காலி செய்த நாளில் அதை என் மேசைமேல் வைத்தார். "இத நீங்க வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நான் போற எடத்துல பேர மறைக்கப்பிடாது, பெட்டி பெட்டியாப் பேர ஒட்டணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பக்கத்தில் பெயர் காட்டாமல் பதிவிட வழி இருக்கிறது. ஒளிவதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அட்டவணை எழுதியவன் யார் என்று அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆனால் மேலே என் பெயர் இருந்தால் உங்களில் பாதிப் பேர், இவனுக்கு வேறு வேலை இல்லை, பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள். உங்கள்மேல் தவறில்லை, நான் அப்படித்தான் பேர் வாங்கி வைத்திருக்கிறேன். இசக்கிமுத்துவைப் பற்றிய இந்தப் பதிவை நீங்கள் அவருக்காக மட்டும் படிக்க வேண்டும். அதனால் என் பெயர்மேல் நாடாவை ஒட்டிவிட்டுப் பதிவிடுகிறேன்.