ஆறு என்று எழுதியவர்

கிராம சுகாதாரச் செவிலியர் ரெஜினா இறந்த செய்தி எனக்கு அவருடைய முன்னாள் மேலதிகாரியிடமிருந்து வந்தது. 'இரங்கல் மலருக்கு ரெண்டு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம்' என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். அவருடைய மலருக்கு அல்ல, ரெஜினாவோடு வேலை பார்த்த உங்களுக்கு.

கர்ப்பிணிகளின் சத்துக்குறைவு பற்றிய ஆய்வுக்காக, முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஓராண்டு அவருடன் வீடு வீடாக நடந்தேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ரெஜினா கேட்பதே வேறு.

"ஏம்மே, வெளிக்கு இன்னா கலர்ல போவுது?"

"மஞ்சளாத்தான்க்கா."

"அப்ப மாத்திரைய கோழி துன்னுச்சா? நீ துன்னா கருப்பால்ல போவும்."

"கொயந்த கருப்பா பொறக்கும்னு மாமியா சொல்லுது."

"உம் புருசன பெத்தப்ப அது எத்தினி மாத்திரை துன்னுச்சாம்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எங்கள் முன்னால் விழுங்கினாள். என் ஆய்வுப் படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.

ஏழு மாதக் கர்ப்பிணியான அஞ்சலைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். ஆறு என்று பதிவேட்டில் எழுதி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் ரெஜினா. மாதக் கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்த அதே மேலதிகாரி, "ஆறுன்னு போனா எனக்குத்தான் மெமோ. பத்துன்னு போடுங்க சிஸ்டர்" என்றார்.

"அவ ஒடம்புல ஆறுதான் சார் கீது. நான் எழுதினா ஏறிடுமா?"

மேலதிகாரியே ஆறை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். பத்து இருப்பவளுக்கு யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அஞ்சலை இறந்தாள். குழந்தை பிழைத்தது, ஆறு மாதத்தில் அதன் உள்ளங்கையும் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. சரியாகச் சோதிக்கவில்லை என்று விசாரணையில் பழி ரெஜினா மேல் விழுந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மாற்றினார்கள்.

மேலதிகாரி பதிவேட்டைத் திருத்தியபோது நான் அந்த அறையில் இருந்தேன். என் ஆய்வுக்கு அனுமதி தர வேண்டியவர் அவர். விசாரணையிலும் நான் வாய் திறக்கவில்லை. ரெஜினா என்னை ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. "வுடு மேடம், ஆண்டவர் பாத்துப்பாரு" என்றார்.

எனக்கு ஆண்டவர் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. நேற்று அஞ்சலையின் கணவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். மறுவிசாரணை கேட்டு அவர் கொடுக்கும் மனுவில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். மேலதிகாரி இன்னும் பணியில்தான் இருக்கிறார். அவருடைய ஓய்வுக்கு முன் இது முடிய வேண்டும். என் பெயரும் கெடும், கெடட்டும்.

ரெஜினாவின் பொறுமை அவரோடு போகட்டும். அவருடைய பிடிவாதம் எனக்குப் போதும். யார் எத்தனை முறை கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வேன்.