கடிகாரக்காவின் பத்து விரல்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் கடிகாரக்கா. காலை ஏழே முக்காலுக்கு அவளுடைய வலது கால் வாசலைத் தாண்டும். காவலாளி அதைப் பார்த்துத்தான் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றமில்லை. லாரி ஓட்டும் அவள் கணவர் எந்தத் தேதியில் வீடு திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே அந்த வீட்டுக்கு வேண்டிய ஒழுங்கு மொத்தத்தையும் அவளே தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். துண்டு மடிப்பதானால் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பாத்திரம் கழுவினால் சொட்டு ஈரம் தங்கக் கூடாது.

அப்பேர்ப்பட்டவளை, உள்ளங்கை அகலமே இருந்த ஒரு கறுப்புப் பெட்டி யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது.

வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டு வாசலில் விரல்ரேகை இயந்திரத்தை மாட்டிய முதல் நாள். அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள். "மன்னிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும்" என்றது ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக. கட்டை விரலை வைத்தாள். மன்னிக்கவும். இடது கைக்கு மாறினாள். மன்னிக்கவும். பின்னால் வரிசை தெருவரைக்கும் நீண்டது.

"என் மாமியார்கூட என்னை இத்தனை தடவ வேணாம்னு சொன்னதில்ல" என்றாள் கடிகாரக்கா. வரிசை சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் ஊரறிந்தது. அட்டை தாகம் பிடித்த பொருள். எட்டு மணி நேரம் அதை மடித்து, தட்டி, அடுக்கினால் விரல் நுனியில் இருக்கும் ஈரத்தையெல்லாம் ஒத்தி எடுத்துவிடும். இருபத்திரண்டு வருடம் குடித்த அட்டை கடைசியில் ரேகையையும் குடித்திருந்தது. விரல் நுனிகள் பழைய சோப்புத் துண்டுபோல வழவழவென்று, ஓரத்தில் மட்டும் வெடித்துக் கிடந்தன.

அலுவலகத்துத் தம்பி நல்ல பையன்தான். ஆனாலும் விதியைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மாதக் கடைசிக்குள் இயந்திரத்தில் பதிவாகாதவர்களை நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒப்பந்தக்காரரின் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அங்கே போனால் இன்று கூப்பிட்டால் வேலை. நாளை கூப்பிடாவிட்டால் வீடு. மொத்தம் மூன்று பேர் மாட்டியிருந்தார்கள்: கடிகாரக்கா, பசைப் பிரிவில் ஒல்லியாக இருக்கும் நூல்கண்டு, இன்னொருத்தி கண்ணாடியம்மா. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

விரலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கண்ணாடி வழுக்கியது, காவலாளி முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். அப்போதுதான் அவளுக்கு மருமகளின் சின்னப் பாட்டில் நினைவுக்கு வந்தது.

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகி வந்த எட்டு மாதத்தில் மாமியாருக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை; பேச்சு என்றும் பெரிதாக வந்ததில்லை. கூடத்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் அவள் சாமான்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று, ரப்பர் தலை வைத்த சொட்டுக்குழாய்ப் பாட்டில். அதன் பெயரை மகன் ஒருமுறை படித்துக் காட்டினான்: ஹையலூரானிக் ஆசிட். கடிகாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழிவறை கழுவுகிற சாமானையா இந்தப் பெண் மூஞ்சியில் ஊற்றிக்கொள்கிறாள் என்று கேட்டதற்கு, மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "பேருதான் அத்தை ஆசிட். குணம் தண்ணி."

அதோடு சரி. ஆனால் தினமும் காலையில் அடுப்படியிலிருந்து அவளைக் கவனிப்பது கடிகாரக்காவுக்குப் பழக்கமாயிற்று. மருமகள் முகம் கழுவிவிட்டு, தாடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே வந்து நிற்பாள். நான்கு முனையும் ஒட்டி மடித்து வைத்த துண்டு கைக்கெட்டும் தூரத்திலேயே தொங்கும், எடுக்கமாட்டாள். ஈர முகத்திலேயே நான்கு சொட்டு. பிறகு அவசரமாக ஏதோ ஒரு கிரீம். முகத்தைத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாத பெண் என்று மாமியார் மனசுக்குள் உச்சுக்கொட்டிக்கொள்வாள். இருந்தாலும் அந்தக் கன்னம் மழை நின்ற மறுநாள் இலைபோல இருந்ததை மறுக்க முடியவில்லை.

முகத்துக்கு ஆவது விரலுக்கு ஆகாதா?

மறுநாள் மருமகள் கிளம்பிப் போனதும் கடிகாரக்கா களவை ஒழுங்காகச் செய்தாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். ஒவ்வொரு விரலாக, இடுக்குவிடாமல், காய்ந்த துண்டால் துடைத்தாள். பிறகு விரலுக்கு ஒரு சொட்டு, கணக்காகப் பத்து. பாட்டிலை அதே கோணத்தில் திருப்பி வைத்தாள். நேராக வேலைக்குப் போய், குளிரூட்டி ஓயாமல் ஓடும் பொதிப்பிரிவில் அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஐந்து நாள் விடாமல் செய்தாள். விரல் தேறவில்லை. தோல் இழுத்துப் பிடித்து, மாவுபோல உதிர ஆரம்பித்தது. அந்த மரியாதைக்காரக் குரல் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தவில்லை. ஏழு நாள்தான் மிச்சம்.

ஆறாம் நாள் காலை, உள்ளறையில் மருமகள் தன் புருஷனை விசாரித்துக்கொண்டிருந்தது கேட்டது. பாட்டில் பாதிக்கு இறங்கிவிட்டதாம். தாடி மழித்துவிட்டு நீதான் தடவிக்கொள்கிறாய் என்றாள். அவன் சத்தியம் செய்தான். ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று அவன் கெஞ்சியதைக் கேட்டதும், அடுப்படியில் நின்றவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் பிள்ளை செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்க எந்தத் தாயால் முடியும்? மருமகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, மேடைமேல் பத்து விரலையும் விரித்து வைத்தாள்.

"நாந்தாம்மா எடுத்தேன்."

பெட்டி சொன்னதையும், பட்டியலையும், ஏழு நாளையும் சொன்னாள். மருமகள் அந்தக் கைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் முறை.

"துடைச்சிட்டா போட்டீங்க?"

"பின்னே, உன்னை மாதிரி ஈரத்தோடயா?"

மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தை, இது தண்ணி குடுக்கிற சாமான் இல்ல, தண்ணிய இழுத்துப் பிடிச்சு வெக்கிற சாமான். மேல ஈரம் இருந்தா அதைப் பிடிக்கும். காஞ்ச கையில போட்டுட்டு ஏசியில போய் உக்காந்தா, உள்ள மிச்சமிருந்த ஈரத்தையும் இழுத்துக் காத்துக்குக் குடுத்துடும். ஈரத்துமேல போடணும். அது காயறதுக்குள்ள கிரீம் போட்டு மூடணும்."

கடிகாரக்கா பலகையில் நின்ற பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சோம்பேறித்தனம் என்று எட்டு மாதமாக உச்சுக்கொட்டியதுதான் சூட்சுமமா?

அன்று முதல் அவளுக்கு மருமகளே காவல். காலையும் மாலையும் பலகையின் முன்னால் இருவரும் ஈரம் சொட்ட நின்றார்கள். துண்டை நோக்கிப் போன கையை மருமகள் நான்கு தடவை தட்டிவிட்டாள். வேலையில் பருத்திக் கையுறை போடச் சொன்னாள். அட்டையைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி மடிப்பது என்று கடிகாரக்கா முறுக்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் வெடிப்பு மூடியது. ஐந்தாம் நாள் டீ டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தபோது, விரல் பட்ட இடத்தில் மெல்லிய ரேகை வளையங்கள் தெரிந்தன. குளத்தில் கல் போட்டதுபோல, ஒன்றுக்குள் ஒன்று. யாருடையது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்த டம்ளரைக் கழுவாமலே எடுத்து வைத்தாள்.

மாதக் கடைசி. அலுவலகத்துத் தம்பி பட்டியலோடு வாசலில் நின்றான். மணி ஏழே முக்கால். கடிகாரக்கா விரலை வைத்தாள்.

"மன்னிக்கவும்..."

பதற்றத்தில் விரல் வியர்த்திருந்தது. அவள் அதை ஊதினாள், மேலங்கியில் ஒற்றினாள், முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டுவதுபோல மெதுவாக மறுபடி வைத்தாள்.

"நன்றி."

காவலாளி கைதட்டினார். கடிகாரக்கா நகரவில்லை, இன்னொரு தடவை விரலை வைத்தாள். வருகை ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றது குரல். "தெரியும்" என்றாள் அவள். "உன் வாயால இன்னொரு தடவ கேக்கணும்னு தோணுச்சு." வரிசை முழுக்கச் சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்து நூல்கண்டு, அவள் பின்னால் கண்ணாடியம்மா. இருவருக்கும் மன்னிக்கவும்தான். தம்பி பேனாவைத் திறந்தான். கடிகாரக்கா அந்தப் பட்டியலின்மேல் கையை வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் நான் லேட்டா வந்ததில்ல தம்பி. அந்த நேரமெல்லாம் சேத்து வெச்சிருக்கேன். அதுல ஒரு வாரத்தை எடுத்து இவங்களுக்குக் குடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தாளில் பதிந்திருந்த விரலைப் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். ஒரு வாரம்தான் என்றான்.

மறுநாளிலிருந்து, மணி அடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே பின்பக்கக் குழாயடியில் மூன்று பேரும் கூடினார்கள். திண்டின்மேல் ஒரு புதுச் சொட்டுக்குழாய்ப் பாட்டில், பக்கத்தில் ஒரு கிரீம் டப்பா. மருந்துக்கடையிலிருந்து மருமகள் கொடுத்தனுப்பியவை. ஒரு வாரம் கழித்து அந்தக் குரல் இரண்டு தடவை நன்றி சொன்னது. பட்டியல் தாள் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது. ஆனால் குழாயடிக்கு வந்த முதல் நாளில் அந்த இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கை கழுவிய சூட்டோடு நூல்கண்டு, வழக்கம்போல, தோளில் கிடந்த துண்டை இழுத்தாள்.

எட்டு மாதம் வேறொருத்தியின் ஈரத்தைப் பார்த்து முகம் சுளித்தவள், குழாயை மூடக்கூட மறந்து பாய்ந்து வந்து அந்தத் துண்டைப் பிடுங்கினாள்.

"துடைக்காதடி" என்றாள் கடிகாரக்கா.